ஐம்பது ஆண்டு தாமதமாக வந்த கவசம்

1953 ஆகஸ்ட் மாதக் கடைசியில், கலிஃபோர்னியாவின் ஜார்ஜ்டவுன் என்ற சிற்றூரிலிருந்து 55 ஜீப்கள் 155 பேரை ஏற்றிக்கொண்டு கிழக்கே கிளம்பின. சியரா நெவாடா மலையின் கருங்கல் முதுகைக் கடந்து டாஹோ ஏரிப் பக்கம் இறங்குவது திட்டம். அவர்கள் எடுத்த வழி ரூபிகான் தடம். நீளம் ஏறக்குறைய 22 மைல். மார்க் ஸ்மித் என்ற உள்ளூர்க்காரரும் அவருடைய நண்பர்களும் ஏற்பாடு செய்த அந்தப் பயணம் ‘ஜீப்பர்ஸ் ஜாம்போரி’ என்ற பெயரில் வேரூன்றி, ஆண்டுதோறும் நடக்கும் விழாவாகிவிட்டது. அன்றைக்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த எந்த ஜீப்பிலும் பக்கவாட்டுக்கென்று காப்பு எதுவும் இல்லை. அந்தத் தடத்தின் பெயரையே தாங்கி 2003 மாடலாக வந்த ஜீப் ராங்லர் ரூபிகானில்தான் கதவுக்கு அடியில் தடித்த தகட்டுக் காப்பைக் கம்பெனியே பொருத்திக் கொடுத்தது. இடையில் ஐம்பது ஆண்டுகள். மலை அதே மலை, கல் அதே கருங்கல். அப்படியிருக்க, கவசம் வர இவ்வளவு காலம் ஏன் பிடித்தது?

ராக் ஸ்லைடர் பார்வைக்கு எளிய பொருள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில், கதவுகளுக்கு அடியில், வண்டியின் நீளவாக்கில் ஓடும் தடித்த எஃகுக் குழாய். அதைச் சேஸிஸோடு பிணைக்கும் மூன்று நான்கு கால்கள். அவ்வளவுதான். வண்டி பாறை மேல் சாயும்போது மெல்லிய பாடித் தகட்டுக்குப் பதிலாக இந்தக் குழாய் பாறையில் உட்காரும். உட்கார்ந்தபடியே வழுக்கி முன்னேறும். பாதை மோசமாக இருந்ததால் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் வரலாற்றை அடுக்கிப் பார்த்தால் வேறொரு காரணம் கிடைக்கிறது. வண்டியின் ஏறும் திறன் கூடியது, அதோடு அதன் நீளமும் கூடியது. இவை இரண்டும் சேர்ந்துதான் வண்டியின் விலாவைப் பாறை மேல் கொண்டுபோய் வைத்தன. பாதை மோசமாக இருந்த காலம் முழுக்கக் கவசம் இல்லை. வண்டி நன்றாக ஆன பிறகே கவசம் வந்தது. இந்த வேறுபாடு வெறும் வரலாற்று ஆர்வத்துக்கான விஷயமல்ல. இன்று எந்த வண்டிக்கு எந்தக் காப்பு வேண்டும் என்று முடிவு செய்கிறவர் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

போர்க்கால வில்லிஸ் எம்பி ஜீப்பை எடுத்துக்கொள்வோம். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 80 அங்குலம். எடை சுமார் 1,100 கிலோ. இரும்புக் கதவு கிடையாது. ஏறி இறங்கப் பக்கச் சுவரில் வெட்டிவிட்ட ஒரு திறப்பு, அவ்வளவே. கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் தொங்குகிற வயிற்றுப் பகுதிக்கு அடியில் மட்டும் ஒரு காப்புத் தகடு இருந்தது. இந்த ஒரு தகடு முக்கியமான சாட்சி. பாறையும் மரக்கட்டையும் வண்டியின் அடியைத் தாக்கும் என்று வடிவமைத்தவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் பக்கத்தை விட்டுவிட்டார்கள். அது கவனக்குறைவு அல்ல. குட்டையான வண்டி ஒரு மேட்டில் ஏறினால், முன் சக்கரம் இறங்கத் தொடங்கிய உடனேயே பின் சக்கரம் ஏறிவிடும். நடுப்பகுதி மேட்டில் மாட்டுவதற்கு இடமே இல்லை. அப்படியே பக்கச் சுவரின் அடிவிளிம்பு எங்காவது உரசி நெளிந்தாலும் அதனால் எந்தக் கதவும் சிக்காது, கதவே இல்லையே. சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது.

அந்த வண்டி எப்படி ஓட்டப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் கியர் விகிதம் 2.665, ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம் 1.97, ஆக்சில் விகிதம் 4.88. மூன்றையும் பெருக்கினால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இன்ஜின் 25 சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும் என்று வருகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடினால் வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான வேகத்தில் நகரும். சமதரையில் இது நிதானமான நடை. உடைந்த பாறைப் படியில் இது வேகம். தவிர, டிஃபரென்ஷியலைப் பூட்டும் வசதி அந்த வண்டியில் இல்லை. ஒரு சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டால் அந்த ஆக்சிலுக்கு வரும் சக்தியெல்லாம் அதற்கே போய் அது சும்மா சுழலும், அதே ஆக்சிலில் தரையில் இருக்கிற சக்கரம் நின்றுவிடும். ஆகவே சக்கரம் தூக்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஓட்டுநரின் முழுக் கவலையும். பள்ளத்தில் கல்லைப் போட்டு நிரப்பினார்கள். படிக்கு முன்னால் கற்களை அடுக்கிச் சரிவு கட்டினார்கள். ஒருவர் இறங்கி முன்னால் நின்று கைகாட்ட, அங்குலம் அங்குலமாக வண்டியை நகர்த்தினார்கள். முடியாத இடத்தில் வின்ச் கட்டி இழுத்தார்கள். வண்டியால் முடியாததைப் பாதையில் செய்தார்கள் என்று சொல்லலாம். வண்டி சாய்ந்து பாறையில் உட்காரும் நிலைக்குப் போவதற்கு முன்பே அது நின்றுவிடும். அதன் பலவீனமே அதன் விலாவைக் காப்பாற்றியது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அந்தக் காலத்தில் பாதை இவ்வளவு மோசமாக இல்லை, பிறகுதான் கெட்டுப்போனது, அதனால்தான் கவசம் தேவைப்பட்டது என்பது அந்த மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது. தடத்தின் வழியிலுள்ள ரூபிகான் ஊற்றுப் பக்கம் 1880-களில் ஒரு விடுதியே நடந்தது. விருந்தினர்கள் குதிரை வண்டியில் வந்து போனார்கள். 1887-இல் எல் டொராடோ கவுண்டி அந்த வழியைப் பொதுப் பாதையாக அறிவித்தது. குதிரை வண்டி போன பாதையில் இன்றைக்கு 35 அங்குல டயர் போட்ட வண்டி திணறுகிறது. யூட்டா மாநிலத்தின் மோவாப் கதையும் இதே மாதிரிதான். 1952-இல் சார்லி ஸ்டீன் என்பவர் அங்கே மீ வீடா சுரங்கத்தில் யுரேனியம் கண்டெடுத்த பிறகு அந்தச் செம்பாறை நிலத்தை நோக்கிப் பெருங்கூட்டம் படையெடுத்தது. தாது ஏற்றிய லாரிகள் போக புல்டோசரால் வழிகள் வெட்டப்பட்டன. ஒயிட் ரிம் பாதை அணுசக்தி ஆணையத்தின் ஆதரவோடு அப்படி வந்தது. யுரேனியம் மோகம் தணிந்தது, லாரிகள் போய்விட்டன, வழிகள் மட்டும் நின்றன. 1967-இல் மோவாப் வர்த்தக சபை அந்த வழிகளில் ஈஸ்டர் ஜீப் சஃபாரியைத் தொடங்கியது. பராமரிப்பு நின்ற பாதையில் மழை மண்ணை அரித்தது, பாறைப் படிகள் வெளியே துருத்தின.

ஆனால் இந்த மறுப்பு பாதி தூரம்தான் போகிறது. உலகில் எங்கும் ஒரு பாதை கெட்டால் நடப்பது இரண்டில் ஒன்று: யாராவது செப்பனிடுவார்கள், அல்லது எல்லோரும் கைவிடுவார்கள். நம் ஊர் மலைகளில் எத்தனையோ பழைய எஸ்டேட் வழிகள் புதர் மண்டிக் கிடப்பது இரண்டாவது வகை. ரூபிகானிலும் மோவாபிலும் இரண்டுமே நடக்கவில்லை. பாதை கெடக் கெட, வண்டிகள் அதைத் துரத்திக்கொண்டு முன்னேறின. பாதை கெட்டதைக் குறையாகக் கருதாமல் அதுவே வேண்டும் என்று வந்தார்கள். ரூபிகானின் ‘லிட்டில் ஸ்லூஸ்’ என்ற இடுக்கில் கிடந்த வீடு அளவுப் பாறைகள் ஒரு காலத்தில் அந்தத் தடத்தின் பெருமையாகவே பேசப்பட்டன. இப்படி ஒரு ஆசை பிறக்க வேண்டுமானால் அதை நிறைவேற்றக்கூடிய வண்டி முதலில் இருக்க வேண்டும். கெட்ட பாதை கவசத்தைக் கொண்டுவரவில்லை. கெட்ட பாதையில் போக முடிந்த வண்டிதான் கொண்டுவந்தது.

அந்த வண்டி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1948-இல் சியாட்டிலில் தொடங்கிய வார்ன் நிறுவனம் முதலில் போர் ஜீப்களுக்கு லாக்கிங் ஹப் செய்து விற்றது; 1959-இல் மின்சார வின்ச்சுக்கு வந்தது. டிஃபரென்ஷியல் லாக்கர்கள் பரவின. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனம் 1980-களின் பிற்பாதியிலிருந்து விற்ற ஏர் லாக்கரால், ஓட்டுநர் ஒரு சுவிட்சைத் தட்டி இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்ட முடிந்தது. டயர்கள் அகலமாகின, உயரமாகின. காற்றைக் குறைத்துப் பாறையில் ஒட்டவைக்கும் பழக்கம் வந்தது. ட்ரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதத்தை 4:1 வரை கொண்டுபோகும் கியர் செட்டுகளைத் தனிப் பட்டறைகள் விற்றன. 1990-களின் கடைசியில் பாறை ஏறுவது போட்டியாகவே ஆனது. இவற்றில் முக்கியமானவற்றை ஒரே வண்டியில் சேர்த்து ஷோரூமில் நிறுத்தியதுதான் 2003-ஆம் மாடல் ரூபிகான்: முன்னும் பின்னும் டானா 44 ஆக்சில், இரண்டிலும் லாக்கர், 4:1 ட்ரான்ஸ்ஃபர் கேஸ், 31 அங்குல டயர். மேனுவல் கியர்பாக்ஸ் வண்டியில் மொத்த விகிதம் 60-ஐத் தாண்டியது. அதே 600 சுற்றுக் கணக்கில் இந்த வண்டி மணிக்கு ஒன்றரை கிலோமீட்டரைக்கூட எட்டாது.

வேகம் பாதியாகக் குறைந்தது என்பது மட்டும் இதன் பொருள் அல்ல. லாக்கர் உள்ள வண்டியில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினாலும் மற்ற சக்கரங்கள் தள்ளிக்கொண்டே இருக்கும். முன்பு வண்டி எங்கே நின்றுபோனதோ, அங்கே இப்போது அது நகர்கிறது. இடது முன் சக்கரம் ஒரு பாறை மேல் ஏறுகிறது. வலது பின் சக்கரம் பள்ளத்தில் கிடக்கிறது. வண்டி மூலைவிட்டமாகக் கோணுகிறது. முன் சக்கரம் பாறையின் மறுபக்கம் சரிந்து இறங்கும் நொடியில், அதுவரை சக்கரம் தாங்கிய சுமையைத் தாங்க அங்கே எதுவும் இல்லை. வண்டி அப்படியே பொத்தென்று கீழே அமர்கிறது. அமர்வது டயர் மேல் அல்ல, கதவுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டி மேல். அந்தப் பெட்டி சில அடுக்கு மெல்லிய எஃகுத் தகட்டை மடித்து ஸ்பாட் வெல்டிங் செய்தது. அது உள்ளே அமுங்கும்; அதன் மேல் விளிம்புதான் கதவின் கீழ் நிலை என்பதால், கதவு மழைக்காலத்து மரக்கதவு போல் இறுகிக்கொள்ளும். பின் சக்கரம் அதே பாறைக்கு வரும் வரை தகடு கல்லில் தேய்ந்துகொண்டே போகும். நல்ல ஸ்லைடர் இருந்தால் இதே காட்சியில் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம், குழாயின் அடியில் பெயின்ட் போன பளபளப்பான ஒரு கோடு. கதையே அத்தோடு முடிந்துவிடும்.

நீளத்தின் பங்கு இன்னும் தெளிவானது. இதற்குக் கணக்கே சாட்சி. ஒரு மேட்டை வயிறு தட்டாமல் கடக்கும் திறன், தரையிலிருந்து வண்டியின் நடுப்பகுதி இருக்கும் உயரத்தையும் இரண்டு ஆக்சில்களின் இடைவெளியையும் பொறுத்தது. போர் ஜீப்பில் அந்த இடைவெளி 80 அங்குலம். 2003 ரூபிகானில் 93.4. 2007 மாடலாக வந்த நான்கு கதவு ராங்லர் அன்லிமிடெட்டில் 116. பழைய ஜீப் கடந்த அதே மேட்டை அதே மாதிரி கடக்க வேண்டுமானால் இந்த நான்கு கதவு வண்டியின் நடுப்பகுதி 45 சதவீதம் கூடுதல் உயரத்தில் இருக்க வேண்டும். டயரை ஒரு அங்குலம் பெரிதாக்கினால் வண்டி உயர்வது அரை அங்குலம்தான். டயரால் மட்டும் இந்தக் கடனை அடைக்க முடியாது. ஜீப் நிறுவனத்துக்கு இது புரிந்திருந்தது என்பதற்கு 137.3 அங்குல இடைவெளியுள்ள கிளாடியேட்டர் பிக்கப் நல்ல சான்று. அதன் ரூபிகான் மாடலில் கதவுகளுக்கு அடியில் மட்டுமல்ல, பின்புறச் சரக்குப் பெட்டியின் கீழ் மூலையிலும் தனிக் காப்புக் குழாய் வருகிறது. வண்டி நீண்டது, கவசமும் பின்னாலேயே நீண்டது.

இன்னொரு மறுப்பு: பக்கவாட்டில் ஓடும் பலகையும் குழாயும் ஒன்றும் புதிதல்ல, ஃபோர்ட் மாடல் டி காலத்திலிருந்தே வண்டிகளுக்குக் கால்படி இருந்ததே, ஸ்லைடர் அதன் வாரிசுதானே என்பது. தோற்றத்தை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் ஒன்றின் வேலை மேலிருந்து வரும் மனிதக் காலைத் தாங்குவது. மற்றதன் வேலை கீழிருந்து வரும் கல்லைத் தாங்குவது. கால்படிக்குச் சுமை எண்பது, நூறு கிலோ. ஸ்லைடருக்குச் சுமை இரண்டு டன்னை நெருங்கும் வண்டியின் பாதி, அதுவும் பொத்தென்று விழும் வேகத்தோடு. 1970-களிலும் 80-களிலும் அமெரிக்க பிக்கப்களிலும் ஜீப்களிலும் பிரபலமான குரோம் பூசிய ‘நெர்ஃப் பார்’ குழாய்களை இதற்கு நடுவே வைக்கலாம். பந்தய வண்டிகளில் ஒன்றின் சக்கரம் மற்றதன் சக்கரத்தோடு சிக்காமல் இருக்கப் போட்ட குழாய் அது. சாலை வண்டிக்கு வந்தபோது அலங்காரமாகவும் படியாகவும் மாறியது. பாறையில் பட்டால் அது வளைந்து தகட்டையே குத்தும். காப்பு இல்லாதபோது ஆகும் சேதத்தைவிட அதிகச் சேதம். இன்றும் சந்தையில் ‘ராக் ஸ்லைடர்’ என்ற பெயரில் விற்கப்படுவதில் கணிசமான பங்கு இந்தப் பரம்பரையைச் சேர்ந்தது. வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உண்மையான ஸ்லைடர் பிறந்தது வெல்டிங் பட்டறைகளிலும் வீட்டு கராஜ்களிலும். அதற்குக் காப்புரிமை நாயகன் யாரும் இல்லை. சதுரக் குழாயை வாங்கி அடிவிளிம்பில் பற்றவைத்தவர்கள் முதலில் ஒரு பாடம் கற்றார்கள்: பாடியில் பற்றவைத்த குழாய் பாடியோடு சேர்ந்தே நசுங்கும். சேஸிஸ் வண்டிகளில் பாடி ரப்பர் புஷ்கள் மேல் உட்கார்ந்திருக்கிறது. சேஸிஸ் முறுகும்போது பாடி தன்போக்கில் சற்று அசையும். குழாயின் கால்களைச் சேஸிஸில் ஊன்றினால் பாறையின் அடி பாடியைத் தொடாமலேயே வண்டியின் முதுகெலும்புக்குப் போய்விடும். அப்படி ஊன்றும்போது குழாய்க்கும் பாடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் முறுகும்போது குழாயே தகட்டை இடிக்கும். காலின் அடியில் அகலமான தகடு வைத்துப் பற்றவைத்தால்தான் சேஸிஸின் சுவர் ஓட்டையாகாமல் சுமை பரவும். தையல் தெரியாத டிஓஎம் குழாய், சுவர்த் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர், என்பது பட்டறைகளின் பொது வழக்கமாயிற்று. குழாயைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைத்தார்கள், தரை உயரம் குறையாமல் இருக்க. பின் முனையை வெளிப்பக்கம் வளைத்தார்கள். வண்டி மரத்தையோ பாறையையோ ஒட்டித் திரும்பும்போது அந்த வளைவு பின் சக்கரத்துக்கு மேலுள்ள பாடியை வெளியே தள்ளி விலக்கும். 1905 முதல் விவசாயிகளிடம் புழங்கிய ஹை-லிஃப்ட் ஜாக்கிக்கும் இந்தக் குழாய்தான் பிடிமானம் ஆனது. இவற்றில் ஒவ்வொன்றும் நெளிந்த ஒரு தகட்டிலிருந்து கற்ற பாடம்.

தொழிற்சாலை இந்தப் பாடத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டது. 2003 ரூபிகானின் காப்பு, பாடியின் அடிவிளிம்பைப் போர்த்தும் தகடு. அடியைப் பரவலாக்கும், தாங்காது. 2007 மாடல் ராங்லரின் குழாய்க் காப்பு அதைவிட நல்லது, ஆனாலும் அதையும் பாடியோடுதான் பிணைத்தார்கள். ஒரு கம்பெனியின் நிலையில் இருந்து பார்த்தால் இதில் நியாயம் உண்டு. லட்சக்கணக்கில் விற்கும் வண்டியில் பாறையில் உட்காரப்போவது சிறு பங்குதான். பக்கவாட்டு மோதல் சோதனை, எடை, விலை எல்லாவற்றையும் அவர்கள் பார்க்க வேண்டும். எப்போதாவது உரசுகிறவருக்கு அந்தக் காப்பு போதும். எனினும் மோவாபின் படிகளில் வாராவாரம் இறங்குகிறவருக்குப் போதாது. ரூபிகான் என்ற பெயர் வண்டியில் ஒட்டியிருப்பதால் மட்டும் ரூபிகான் தடம் முழுவதற்கும் அந்தக் காப்பு போதும் என்று நினைப்பது தவறு.

ஐம்பது ஆண்டு தாமதத்துக்குப் பணமே காரணம் என்று வாதிடுபவர்களும் உண்டு. போர் முடிந்தபின் ஜீப் மலிவாகக் கிடைத்தது. 1945-இல் வந்த முதல் சிவில் ஜீப்பின் விலையே 1,090 டாலர். நெளிந்தால் நெளியட்டும் என்று விட்டார்கள். வண்டியின் விலை ஏறிய பிறகே காப்பைத் தேடினார்கள் என்கிறார்கள். விலை ஒரு காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதுவே முதன்மைக் காரணமாக இருந்தால், 1976-இல் சிஜே-7 வந்த காலத்திலேயே, கதவு வைத்த புது வண்டிக்காக மக்கள் நல்ல விலை கொடுத்த காலத்திலேயே, சேஸிஸ் ஊன்றிய ஸ்லைடர் பரவியிருக்க வேண்டும். அப்போது பரவியது குரோம் குழாய். ஸ்லைடர் பரவியது லாக்கரும் குறைந்த கியரும் சாதாரணமான 1990-களில். காசை மிச்சம் பிடிக்கும் எண்ணம் எப்போதும் இருந்தது. பாறையில் உட்காரும் வண்டி அப்போதுதான் வந்தது.

கடைசி மறுப்புதான் மனதை உறுத்தக்கூடியது. கவசம் கொடுத்தால் ஓட்டுநர் துணிந்து இடிப்பார், மலை பாழாகும் என்பது. ரூபிகான் தடத்தின் அண்மைக் காலம் இதற்கு வலுச் சேர்ப்பது போலவே இருக்கிறது. 2009-இல் கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு நீர்த்தர வாரியம், மண் அரிப்பு, எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு ஆகியவற்றைச் சுட்டிக்காட்டி அந்தத் தடத்தைச் சுத்தப்படுத்தக் கட்டாய உத்தரவு பிறப்பித்தது. பின்னர் லிட்டில் ஸ்லூஸின் பெரும்பாறைகளைக் கவுண்டி நிர்வாகமே உடைத்துச் சிறிதாக்கியது. ஆனால் உத்தரவில் சொன்ன எண்ணெயை எண்ணிப் பாருங்கள். எண்ணெய் ஒழுகுவது உடைந்த வண்டியிலிருந்து. பாறையில் வயிறு மாட்டிய வண்டி வேர் அறுபட மரத்தில் கட்டி இழுக்கப்படுகிறது. அது வழியை மறிக்க, பின்னால் வருகிறவர்கள் புல்லையும் செடியையும் மிதித்துப் புதுச் சுற்றுவழி போடுகிறார்கள். காப்புள்ள வண்டி தடத்தின் மேலேயே சென்று தடத்தின் மேலேயே வெளியேறும். கவசம் முரட்டுத்தனத்தை உண்டாக்குகிறது என்று சொல்ல முடியாது; இருக்கிற முரட்டுத்தனத்துக்குத் துணை போகலாம். அதை அடக்க வேண்டியது தடத்தின் விதிகளும் ஓட்டுபவரின் ஒழுக்கமும். தடத்தின் நீர் போய்ச் சேரும் ஆறு மத்தியப் பள்ளத்தாக்கு மக்களின் குடிநீர் என்பதை மறந்து ஓட்டுகிறவருக்கு எந்தக் காப்பும் தகுதியானதல்ல.

இந்த வரலாறு நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. 1947-இல் பம்பாயில் மஹிந்திரா பாகம் பாகமாக வந்த வில்லிஸ் ஜீப்களைப் பூட்டத் தொடங்கியது. கொளுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் கல் பாதையில் அந்தப் பரம்பரை ஜீப்கள் பக்கக் காப்பு எதுவும் இல்லாமலேயே சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பழகியவை. குட்டை வண்டி, மெதுவான கை, தெரிந்த வழி: 1953-இல் ரூபிகானில் போதுமாக இருந்தவை இங்கேயும் போதுமாக இருந்தன. இப்போது நிலைமை மாறுகிறது. மஹிந்திராவின் தார் வண்டியில் ஆக்சில் இடைவெளி 2,450 மில்லிமீட்டர். 2024-இல் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸுக்கு 2,850. சுஸுகி ஜிம்னியின் மூன்று கதவு வண்டியில் மேடு கடக்கும் கோணம் 28 பாகை. இந்தியாவில் விற்கும் ஐந்து கதவு வண்டியில் 24. அமெரிக்காவில் 2007 மாடலோடு நடந்தது இங்கே இப்போது நடக்கிறது. கதவு இரண்டு கூடியதற்கு விலையாக விலா பாறைக்கு அருகில் வந்திருக்கிறது.

எனவே ஸ்லைடர் வாங்க நினைப்பவர் முதலில் பாதையைப் பார்க்காமல் தன் வண்டியைப் பார்க்க வேண்டும். ஆக்சில் இடைவெளி எவ்வளவு, லாக்கர் உண்டா, வண்டி சக்கரம் தூக்கிய நிலையிலும் நகருமா என்று கேட்க வேண்டும். குட்டை வண்டி, லாக்கர் இல்லை, எப்போதாவது ஒரு மலைப்பாதை என்றால் கம்பெனி கொடுத்த காப்பே போதும். ஐம்பது கிலோவைத் தாண்டும் எஃகைச் சுமந்து திரிவதில் பயனில்லை. நீண்ட வண்டி, பூட்டும் டிஃபரென்ஷியல், பாறையில் ஏறும் எண்ணம் மூன்றும் சேர்ந்தால் சேஸிஸில் ஊன்றிய எஃகுக் குழாய் இல்லாமல் கிளம்பக் கூடாது. அலுமினியம் எடை குறைவு, ஆனால் கல்லில் வழுக்குவதற்குப் பதில் கவ்விக்கொள்ளும். வளைந்தால் மலையடிவாரப் பட்டறையில் நிமிர்த்திப் பற்றவைப்பதும் கடினம். தனிச் சேஸிஸ் இல்லாமல் பாடியே எலும்பாக இருக்கும் வண்டிகளில் விஷயம் வேறு: அங்கே அடிவிளிம்பே வண்டியைத் தாங்குகிறது, அதனால் அந்த வண்டிக்கென்றே வடிவமைத்த காப்பைத் தவிர வேறெதையும் அதில் துளையிட்டுப் பொருத்த விடாதீர்கள். மற்ற வண்டிகளுக்குக் கடையில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. பளபளப்பையும் பெயரையும் விட்டுவிட்டுக் குனிந்து அடியில் பாருங்கள். கால்கள் சேஸிஸில் ஊன்றியிருந்தால் அது ஸ்லைடர், பாடித் தகட்டில் திருகியிருந்தால் அது படிக்கட்டு. படிக்கட்டுக்கு ஸ்லைடர் விலை கொடுக்காதீர்கள்.